பழனியாண்டி போட்ட இலை

மலாயாவில் சிடாம் கிரிக்குப் பக்கத்தில் இருந்த அந்த ரப்பர் எஸ்டேட்டின் மூன்றாம் டிவிஷனில், மீன் பைத்தியம் யார் என்று கேட்டால் நடக்கப் பழகும் பிள்ளைகூடப் பழனியாண்டியின் வீட்டைக் காட்டும். பால்வெட்டில் அவன் பெரிய சூரன் இல்லை. மரத்தில் காயம் படாமல் வெட்டுவான், வேலையை மேற்பார்க்கிற மண்டோரிடம் ஏச்சு வாங்கமாட்டான், அவ்வளவுதான். ஆனால் பால் வாளியை ஸ்டோரில் இறக்கிய கையோடு தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு ஓடுவதில் அவனை அடிக்க ஆள் கிடையாது. சோறு ஆறிக் கிடக்கும். அவன் மனைவி மருதம்மாள் வாசலில் நின்று கத்துவாள். அதற்குள் அவன் ரப்பர் மரங்களுக்குள் மறைந்திருப்பான்.

அப்படி ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வந்தானா என்றால் அதுவும் இல்லை. நாலு கெளுத்தி, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு விரால். கையில் வந்த மீனைவிடத் தப்பிப்போன மீனைப் பற்றித்தான் அதிகம் பேசுவான். "ஆத்து மீனெல்லாம் இவரு வாயிலதான் வளருது" என்று மருதம்மாள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். மறுநாள் பால் இறக்கியதும் மறுபடி ஓடுவான்.

உண்மையில் அவனுக்குக் கைவந்தது வேறு வேலை. உப்புக்கண்டம் போடுவதில் அவனுக்கு இணை அந்த வட்டாரத்திலேயே இல்லை. காட்டுப்பன்றியோ ஆடோ, இறைச்சி கைக்கு வந்துவிட்டால் மனிதன் ஆளே மாறிவிடுவான். எலும்பையும் கொழுப்பையும் ஒதுக்கிவிட்டு, சதை ஓடுகிற பக்கமாகவே கத்தியை ஓட்டி, இரண்டு விரல் அகலத்தில் ஒரு சாண் நீளத்துக்கு அறுப்பான். குறுக்கே அறுத்தால் காய்ந்தபின் உதிர்ந்துபோகும் என்பது அவன் கட்சி. உப்பு, மஞ்சள், காய்ந்த மிளகாய், பூண்டு எல்லாம் அம்மியில் அரைப்பது மருதம்மாள். பிசறி ஊறவைத்ததைக் கோணி ஊசியால் சணலில் கோத்து வெயிலில் தொங்கவிட்டுவிட்டு, காக்கை வராமல் கையில் குச்சியோடு காவல் இருப்பான். மழைக்காலம் என்றால் அடுப்புக்கு மேலே கொடி கட்டி, ரப்பர் விறகுப் புகையிலேயே பத்து நாள் வாட்டுவான். வீடு முழுக்கப் புகை. கண்ணைக் கசக்கிக்கொண்டு சமைக்கிறவள் வாயில் என்ன வருமோ அதெல்லாம் வரும். ஆனால் காய்ந்ததை எடுத்து அம்மியில் நசுக்கி, சின்ன வெங்காயத்தோடு எண்ணெயில் பிரட்டிச் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் பேச்சு அடங்கிவிடும்.

மற்ற வீடுகளில் கட்டைவிரல் அளவுத் துண்டாகத்தான் போடுவார்கள். சாண் நீளத்துக்குப் போடுகிறவன் அந்த எஸ்டேட்டில் இவன் ஒருவனே. பார்த்த மாத்திரத்தில் யாரும் சொல்லிவிடலாம், இது பழனியாண்டி கை என்று.

கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய அந்த லயத்து வீட்டில் இருந்தது மூன்று பேர். பழனியாண்டி, மருதம்மாள், தம்பி முருகையாவின் மனைவி புஷ்பவள்ளி. மகள் பிரேமாவதியைப் பாடாங் மேஹாவில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. தம்பி பெண்டாட்டி கணவனின் அண்ணன் முகத்தைப் பார்த்துப் பேசக்கூடாது என்பது அவர்கள் சனத்தில் முறை. வீடோ ஓர் அறை, ஓர் அடுப்படி. அதற்குள்ளேயே புஷ்பவள்ளி அந்த முறையைக் காப்பாற்றினாள். அவன் உள்ளே வந்தால் சுவர் பக்கம் திரும்பிக்கொள்வாள். சொல்ல வேண்டியதை எல்லாம் மருதம்மாளிடம் சொல்வாள். "சோறு ஆறுது, வரச் சொல்லுங்கக்கா." ஆறடி தூரத்தில் நிற்கிற அவனும் மருதம்மாளைப் பார்த்துத்தான் பதில் சொல்வான். நடுவில் நிற்கிற மருதம்மாளுக்குச் சில நேரம் சிரிப்பு வரும், சில நேரம் எரிச்சல் வரும்.

மீன் பிடிக்கத் தெரிந்தவன் முருகையாதான். ஒரே இடத்தில் இருவரும் உட்கார்ந்து தூண்டில் போட்டால் அண்ணனுக்குப் புழு போகும், தம்பிக்கு மீன் வரும். உப்புக்கண்டத்தைப் பொரிக்காமல் கொள்ளாமல், காய்ந்ததை அப்படியே கன்னத்தில் அடக்கிக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பான். "அண்ணே, இது கறி இல்ல, பொகையில" என்பான். நாற்பத்து மூன்றில் ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் பெயர் வாசித்தார்கள். அந்த வீட்டுக்கு வாசித்த பெயர் பழனியாண்டி. அவன் அன்றைக்குக் குளிர்காய்ச்சலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தான். "மூணு மாசந்தானேண்ணே, நான் போறேன்" என்று தம்பி லாரியில் ஏறிவிட்டான். அவனுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்.

யுத்தம் முடிந்தது. போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாக வந்தார்கள், பலர் வரவில்லை. நாற்பத்தாறில் ஒரு நாள் பீடோங் சந்தையில் நடராஜா என்பவரைப் பழனியாண்டி பார்த்தான். சயாமில் தம்பி இருந்த அதே கேம்ப்பில் இருந்தவர். "உன் தம்பி மழைக்காலத்துல காலராவுல போயிட்டாம்பா. குழி வெட்டுனவனே நாந்தான்" என்றார். பழனியாண்டி வாங்கின மளிகையை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.

வாசலில் நுழையும்போதே உள்ளே சுவர் பக்கமிருந்து குரல் வந்தது. "சந்தையில சயாம் ஆளுங்க யாராச்சும் வந்திருந்தாங்களான்னு கேளுங்கக்கா."

மருதம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் மருதம்மாளைப் பார்த்துச் சொன்னான். "யாரும் வரல."

அவ்வளவுதான் அவன் சொன்ன பொய். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்துத்தான் சொன்னான். அவன் பெயருக்குப் போனவன் செத்துவிட்டான் என்பதை அவன் வாயாலேயே அவளிடம் சொல்ல வேண்டும், அதுதான் அவனால் முடியவில்லை. நாளை வாரமாயிற்று, வாரம் வருஷமாயிற்று. மருதம்மாளிடம் மட்டும் சொன்னான். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அப்புறம் அவளும் அதைக் கட்டிக் காப்பதில் சேர்ந்துகொண்டாள். மகள் பாடாங் மேஹா எஸ்டேட்டுக்கே எல்லோரும் வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டபோது புஷ்பவள்ளிதான் மறுத்தாள். "அவரு வந்தா இந்த லயத்துக்குத்தான் வருவாரு. நீங்க போங்க, நான் வரலக்கா." அவளை விட்டுவிட்டு எங்கே போவது? யாரும் போகவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் வீட்டுக்கு வீடு செத்தவர்களுக்குப் படைப்பார்கள். அவரவர் பிரியப்பட்டதை இலையில் வைப்பார்கள். பழனியாண்டி வீட்டிலும் அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் இலை உண்டு. முருகையாவுக்கு இலை கிடையாது. உயிரோடு இருப்பதாகச் சொல்லிக்கொள்கிற ஆளுக்கு எப்படி இலை போடுவது? ஆனால் செத்தவனைப் பட்டினி போட அவனுக்கு மனம் வரவில்லை. அதனால் அந்த ஒரு நாள் மட்டும் மீனுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, தம்பியும் அவனும் உட்காரும் மரத்தடியில் ஒரு காட்டுவாழை இலையை விரித்து, சோறும் உப்புக்கண்டமும் வைத்து, சூடம் கொளுத்திக் கும்பிடுவான். காக்கை வந்து ஒரு வாய் எடுக்கிறவரை காத்திருப்பான். பிறகு இலையோடு தூக்கி ஆற்றில் விட்டுவிட்டு, பெயருக்கு இரண்டு கெளுத்தியோடு வீட்டுக்கு வருவான். அந்த இரண்டு கெளுத்தியைக் குழம்பு வைக்கிறவள் புஷ்பவள்ளி. அதைச் சாப்பிட்டு எழுந்திருப்பதற்குள் அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

அப்புறம் நாற்பத்தெட்டில் அவசர காலம் வந்தது. காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடக் கிடைக்கக்கூடாது என்று அரசாங்கம் எஸ்டேட் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டது. அரிசி கார்டுக்கு அளந்து கொடுத்தார்கள். டின் மீன் வாங்கினால் கடையிலேயே ஆணி அடித்து ஓட்டை போட்டுத்தான் கையில் தந்தார்கள், வைத்திருந்து யாருக்கும் கொடுக்க முடியாதபடி. உப்புக்கும் அளவு வந்தது. வெட்டுக்குப் போகிறவர்கள் ஒரு உருண்டை சோறுகூடக் கொண்டு போகக்கூடாது. மாலை நாலு மணிக்குச் சங்கு ஊதும், கேட்டைச் சாத்திவிடுவார்கள். அதற்குமேல் வேலிக்கு வெளியே நிற்கிறவனைச் சுட்டால் கேள்வி இல்லை. மாதக்கணக்கில் கெடாமல், அடுப்பு மூட்டாமல் அப்படியே தின்னக்கூடிய தீனி எது எதுவோ அதையெல்லாம் பார்த்து அரசாங்கம் பயந்துகொண்டிருந்த காலத்தில், நம் ஆள் அதைச் சாண் சாணாக அறுத்துக் கொடியில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான். வேலிக்குள் வைத்துத் தின்பதற்குத் தடை இல்லை என்பதால் பிழைத்தான்.

மீன் பைத்தியத்தை வேலி ஒன்றும் செய்யவில்லை. கேட்டில் காவல் நின்ற ஜைனல், செமிலிங் பக்கத்து மலாய்க்காரன், அவனைப் பார்த்ததும் சிரிப்பான். "மக்கானான் அடா?" சாப்பாடு ஏதும் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இடுப்பைத் தடவிப் பார்ப்பான். பழனியாண்டி புழு டப்பாவைத் திறந்து அவன் மூக்குக்கு நேரே நீட்டுவான். "இதான்லா மக்கானான், ஒங்களுக்கு வேணுமா?" ஜைனல் முகத்தைச் சுளித்துக்கொண்டு போகச் சொல்வான். திரும்பி வரும்போது அவனுக்கு ஒரு கெளுத்தி உண்டு.

ஐம்பத்திரண்டு தீபாவளிக்கு இருபது நாள் முன்பு லயத்து ஆடு ஒன்று முள்கம்பியில் சிக்கிக் காலைக் கிழித்துக்கொண்டது. பிழைக்காது என்று வெட்டிப் பங்கு போட்டார்கள். ஒரு பங்கு பழனியாண்டிக்கு வந்தது. ரேஷன் உப்பில் பாதியை அவன் அதற்கே கொட்டியபோது மருதம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். விடாத மழை. அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் புகையில் போட்டான். படையல் நாளுக்குள் இறைச்சி கறுத்து இறுகிவிட்டது.

அன்றைக்குப் பால் இறக்கிவிட்டு வந்தவன், அடுப்படியில் உட்கார்ந்து தூண்டில் கம்பின் அடிப்பக்கத்து மூங்கில் கணுவைக் குடைந்துகொண்டிருந்தான். புஷ்பவள்ளி தண்ணீர்க் குழாயடிக்குப் போயிருந்தாள். மருதம்மாள் புரிந்துகொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இந்த வருசம் வேணாங்க. மாட்டுனா நாடு கடத்திடுவானுங்க. போன மாசம் ஒரு குடும்பத்தையே கப்பல் ஏத்திட்டாங்க, தெரியும்ல?"

"தெரியும்."

"பின்ன என்னா? செத்தவரு கோவிச்சுக்கவா போறாரு?"

"எம் பேருக்குப் போனவன்டி" என்றான் பழனியாண்டி. "சோறு கொண்டு போவ வழி இல்ல. இதையாச்சும் தின்னட்டும்."

ஐந்து துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக மூங்கிலுக்குள் செருகி, வாயைக் கந்தல் துணியால் அடைத்து, மேலே நூலைச் சுற்றினான். மருதம்மாள் எழுந்துபோய், புஷ்பவள்ளி வருகிறாளா என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டாள். ஜைனல் வழக்கம்போல இடுப்பைத் தடவினான், புழு டப்பாவைப் பார்த்து முகத்தைச் சுளித்தான், போகச் சொன்னான்.

மரத்தடியில் இலையை விரித்து ஐந்தையும் வரிசையாக வைத்தான். சோறில்லாத இலையைப் பார்க்க அவனுக்கே அவமானமாக இருந்தது. "சோறு இல்லடா முருகையா. வெளிய விடமாட்டேங்கிறானுங்க. கோவிச்சுக்காத" என்று வாய்விட்டுச் சொன்னான். சூடம் கொளுத்தினான், கும்பிட்டான், காக்கைக்காகக் காத்திருந்தான். மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு காக்கை எதிர்க்கரையில் உட்கார்ந்து பார்த்தது, வரவில்லை. அப்போது எஸ்டேட் பக்கமிருந்து சங்கு ஊதியது. பண்டிகைக்கு முதல் நாள் என்று கேட்டை அரை மணி முன்னாலேயே சாத்துகிறார்கள் என்பதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. பதறி எழுந்தான். காக்கை தொடாத படையலை ஆற்றில் தள்ள மனம் வரவில்லை. வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு, தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடி, கேட் சாத்துவதற்குள் உள்ளே நுழைந்தான். அந்த இலையை மட்டும் தண்ணீரில் தள்ளிவிட்டு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

தீபாவளிக் காலையில் லயத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு எல்லோரும் புதுத்துணியில் இருந்தார்கள். புஷ்பவள்ளி சிவப்புச் சேலை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். ஏழு மணிக்கு இரண்டு போலீஸ் லாரிகள் வந்து நின்றன. லயத்து ஆட்கள் முந்நூறு பேரையும் பெரட்டுக் களத்தில் நிறுத்தினார்கள், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். டவுனிலிருந்து வந்த வெள்ளைக்கார போலீஸ் அதிகாரி ஒரு மேசையில் ஏதோ விரித்து வைத்தான். வாடிய வாழை இலை. அதன்மேல் சாண் நீளத்தில் மூன்று துண்டு உப்புக்கண்டம்.

எஸ்டேட் ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி சுப்பிரமணியம் மொழிபெயர்த்தார். ரோந்து போனவர்களுக்கு விடியற்காலையில் ஆற்றங்கரையில் கிடைத்ததாம். பக்கத்தில் காட்டிலிருந்து வந்துபோன காலடி இருந்ததாம். இதை வைத்த ஆள் முன்னால் வரவேண்டும். வராவிட்டால் இன்று முதல் டிவிஷன் முழுவதற்கும் அரிசி பாதிதான். ஆள் கிடைக்கிறவரை அப்படித்தான்.

முந்நூறு பேருக்கும் அது யார் கை என்று தெரியும். ஒருவர்கூடப் பழனியாண்டி பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவர்களும் அப்படியே நின்றார்கள். அதைப் பார்த்துக்கொண்டு அவனால் நிற்க முடியவில்லை. இரண்டு அடி முன்னால் வந்தான்.

"என்னோடதுங்க. மீனுக்குப் போனப்ப திங்கிறதுக்குக் கொண்டு போனேன். மறந்து வச்சிட்டு வந்துட்டேன்."

அதிகாரி இலையைக் காட்டிச் சிரித்தான். கிராணி தயங்கித் தயங்கிச் சொன்னார். "இலை போட்டு வரிசையா அடுக்கி வச்சிட்டு மறந்துட்டியான்னு கேக்குறாரு. யாருக்கு வச்சேன்னு சொல்லணுமாம்."

பழனியாண்டி மேசைமேல் கிடந்த இலையையே பார்த்தான். இரண்டு பேர் அவன் கையைப் பின்னால் இழுத்துக் கட்டினார்கள். இன்னும் இரண்டு பேர் வீட்டுக்குள் போய்க் கொடியில் தொங்கியதை எல்லாம் அறுத்துக்கொண்டு வந்து மேசையில் போட்டார்கள். பெண்கள் வரிசையில் மருதம்மாள் அவனையே பார்த்தாள். சொல்லித் தொலையுங்கள் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. அவளுக்கு ஓரடி தள்ளி, தலையைக் குனிந்தபடி புஷ்பவள்ளி நின்றாள். அவள் காதுபட அதை எப்படிச் சொல்வது? லாரியில் ஏறிவிட்டால் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் அவனுக்குத் தோன்றியது.

அதிகாரி மறுபடி ஏதோ சொன்னான். கிராணியின் குரல் தாழ்ந்துபோயிற்று. "பழனியாண்டி, யோசிச்சுப் பேசு. உன்னை மட்டும் இல்ல, உன் வீட்டுல இருக்கிற எல்லாரையும் இந்தியாவுக்குக் கப்பல் ஏத்திடுவாங்களாம். மூணு பேரையும்."

மூன்று பேரையும். அவரு வந்தா இந்த லயத்துக்குத்தான் வருவாரு என்று ஒன்பது வருஷமாக வேரூன்றி நிற்கிறவளை, ஒருநாளும் பார்த்திராத ஊருக்குக் கப்பலேற்றப் போகிறார்கள். எதைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டிருந்தானோ அது இனி மூடினாலும் தப்பாது.

"தம்பிக்குங்க" என்றான்.

கிராணி மொழிபெயர்த்ததும் அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தான். "தம்பி காட்டுலயா இருக்கான்?" என்று கிராணி அவன் கேள்வியைச் சொன்னார்.

"இல்லீங்க. செத்துப்போன தம்பிக்கு. சயாம் ரயில்ல போயிட்டான். தீபாவளிப் படையல்தான் வச்சேன். வேற யாருக்கும் இல்லீங்க."

கிராணி வாயில் அது இங்கிலீஷ் ஆவதற்கு முன்பே பெண்கள் வரிசையைப் போய்ச் சேர்ந்துவிட்டது. மருதம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அதிகாரி எஸ்டேட் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னான். முருகையா என்ற பெயருக்கு எதிரே செத்ததாக எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. மனைவி உண்டா என்று கேட்டான். புஷ்பவள்ளியை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்த வெள்ளைக்காரன் இதற்கு முன் இந்தியாவில் போலீஸ் வேலை பார்த்தவனாம். தமிழ் தெரியாவிட்டாலும் தமிழச்சியின் நெற்றியைப் படிக்கத் தெரியும் என்று அவனுக்கு நினைப்பு. குங்குமத்தைப் பார்த்தான், பூவைப் பார்த்தான், கழுத்தில் மஞ்சள் கயிற்றைப் பார்த்தான். பென்சிலால் ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டிக் கிராணியிடம் பேசினான்.

கிராணி சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இந்தப் பொண்ணு விதவை இல்ல, புருஷன் உயிரோட இருக்கான், காட்டுக்குள்ள இருக்கான், இவளுக்கும் தெரியும்னு சொல்றாரு. புஷ்பவள்ளி, இனிமே உன் வாயால வர்றதுதாம்மா. உன் புருஷன் இருக்கானா, இல்லையா?"

இருக்கிறான் என்றால் அவர்கள் மூவரும் லாரியில் ஏறவேண்டும். இல்லை என்றால் அவளுக்கு இருந்த ஒன்றே ஒன்று போய்விடும். புஷ்பவள்ளி கிராணியைப் பார்க்கவில்லை, அதிகாரியையும் பார்க்கவில்லை. குனிந்த தலையை மெதுவாக நிமிர்த்தி, அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாகப் பழனியாண்டியின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"மாமா" என்றாள். "யாரு சொன்னாங்க?"

"நடராஜான்னு ஒருத்தரு. கூட இருந்தவரு."

"எப்ப?"

"நாப்பத்தாறுல. பீடோங் பாசார்ல."

"யாரும் வரலன்னீங்களே, மாமா."

கட்டின கையோடு அவன் நின்றான். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக் கை இல்லை.

"என்னா சீக்கு?"

"காலரா."

"பொதைச்சாங்களா, ஆத்துல தூக்கிப் போட்டாங்களா?"

"பொதைச்சாங்க. நடராஜாதான் குழி வெட்டுனாரு."

"கடைசியில தண்ணி கேட்டிருப்பாரே. யாராச்சும் குடுத்தாங்களா?"

அது பழனியாண்டிக்குத் தெரியாது. நடராஜா சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. குடுத்தாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இன்னொரு பொய் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

"தெரியல புஷ்பம்" என்றான்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு கிராணி பக்கம் திரும்பினாள். "இல்லீங்கய்யா. எம் புருசன் இல்ல. செத்துட்டாரு."

சொல்லிவிட்டு முந்தானையால் நெற்றியை அழுத்தித் துடைத்தாள். குங்குமம் போகாமல் புருவத்தில் இழுவியது, மறுபடி துடைத்தாள். பூவைத் தலையிலிருந்து எடுத்தாள். எங்கே போடுவதென்று தெரியாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அதற்குள் மருதம்மாள் வரிசையை உடைத்துக்கொண்டு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். தடுக்க வந்த போலீஸ்காரனை யாரும் பொருட்படுத்தவில்லை. பெண்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். யாரோ ஒருத்தி முதல் அடி எடுத்துக் கொடுத்தாள். தீபாவளிப் புதுத்துணியோடு, தோளில் தோள் கோத்துக்கொண்டு, அந்தப் பெரட்டுக் களத்திலேயே மாரடித்து ஒப்பாரி வைத்தார்கள்.

அதிகாரி பென்சிலை வைத்துவிட்டான். புத்தகத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டான். உப்புக்கண்டம் முழுவதையும் கொளுத்தச் சொன்னான், பழனியாண்டி இனிமேல் ஆற்றுப்பக்கம் போகக்கூடாது என்றான், கட்டை அவிழ்க்கச் சொன்னான். அரிசியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கிராணி இரண்டு தடவை கேட்ட பிறகு, பழைய அளவே கொடுங்கள் என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினான்.

லாரிகள் கிளம்புகிற நேரத்தில் பங்களாவிலிருந்து எஸ்டேட் மானேஜரான பெரிய தொரையின் கார் வந்து நின்றது. இருபது வருஷமாக அந்த எஸ்டேட்டில் இருக்கிற மனுஷன், உடைந்த தமிழ் பேசுவார். ஒப்பாரிச் சத்தம் அவருக்குப் பழக்கம். லயத்தில் ஒரு சாவு விழுந்தால் பெட்டிக்குப் பலகையும் எடுப்புக்கு அரை நாள் லீவும் அவர் வாயால் வரவேண்டும். மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு தனியாக நின்ற பழனியாண்டி பக்கத்தில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கினார்.

"யாரு செத்துப் போச்சி?"

"எந் தம்பிங்க, தொரை."

"ஓ" என்று தொப்பியை எடுத்து மடியில் வைத்தார். "பலகை வேணுமா?"

"வேணாங்க."

"எப்போ செத்துப் போச்சி?"

பழனியாண்டி பெண்களின் நடுவே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான்.

"இப்பத்தாங்க, தொரை" என்றான்.